ஊபுவுக்கு விழுந்த ஐந்தாவது வாக்கு

2022 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 11 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு லெனாட் என்னுடன் முதல் தடவையாகப் பேசினார்.

"ஐயா, கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ. ஊபுவை மறைக்கிறியள்."

நான் விலகி நின்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அதில் பூசணிக்காய் அளவில் வாயில்லாத மஞ்சள் உருண்டை ஒன்று உருண்டுகொண்டிருந்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த பிராணியாம். பெயர் ஊபு.

அது எங்கள் மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றின் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவு. எட்டுக் கட்டில்கள், எட்டு இயந்திரங்கள். என் மனைவி சுபாஜினிக்கு அன்றுதான் அங்கே முதல் நாள். செவ்வாயும் வெள்ளியும், ஒன்றரை மணி தொடக்கம் ஐந்தரை மணி வரை என்று அவளுக்கு முறை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அச்சுவேலியிலிருந்து பேருந்தில் வரும்போது அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கையில் ஊசி ஏற்றியபோதும் பேசவில்லை. இரண்டு மணித்தியாலம் கழிந்த பின்னர், அடுத்த கட்டிலில் கிடந்த அந்நியர் ஒருவர் ஒரு மஞ்சள் உருண்டைக்காக என்னை விலகச் சொன்னபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அந்த மூண்டு கையுள்ள நெட்டையன் ஆர்?"

"அவன் கெல்வன். அவனும் வேறை கிரகந்தான். ஆனா பெரிய எடுப்புக்காரன். பாக்காதேங்கோ தங்கச்சி."

"எனக்கு அவனைத்தான் பிடிச்சிருக்கு" என்றாள் சுபாஜினி.

பதினேழு மாதம் நீடித்த விவாதம் இவ்வாறு தொடங்கிற்று.

லெனாட் குருநகரைச் சேர்ந்தவர். 1978 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பிறந்தார். பதினைந்து வயதில் கடலுக்குப் போனார். இருபத்தெட்டு வயதில் சொந்தமாக ஒரு படகும் இயந்திரமும் வைத்திருந்தார். தகப்பன் முன்னரே இறந்துபோனதால், தன்னைவிடப் பத்து வயது இளையவனான தம்பி றஞ்சித்தை அவரே வளர்த்தார். யுத்தம் முடிந்த மறு ஆண்டில் றஞ்சித்தைத் தேடி இரண்டு தடவை வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். மூன்றாம் தடவை அவர்கள் வருவதற்கு முன், லெனாட் படகையும் இயந்திரத்தையும் விற்றுத் தம்பியைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகு அவர் பிறருடைய படகுகளில் பங்குக்குப் போனார். கடலுக்குப் போக முடியாத காலங்களில் ஐஸ் தொழிற்சாலையில் கட்டி சுமந்தார். 2021 ஆம் ஆண்டில் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று வைத்தியர்கள் கூறினார்கள். மனைவி ஜெசிதா, பள்ளிக்கூடத்தில் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். அவருடைய வாழ்க்கையின் புறவிபரம் இவ்வளவுதான்.

சித்திரத் தொடர் மூன்றரை மணிக்குத் தொடங்கும். தமிழில் ஒலிமாற்றம் செய்தவர்கள் கெல்வனுக்குச் செந்தமிழைக் கொடுத்திருந்தார்கள். மூன்று கைகளையும் விரித்து, "அஞ்சற்க மானிடரே, யாம் பழுது பார்ப்போம்" என்பான். ஊபு தன் கப்பலிலிருந்து தவறி விழுந்தது. அதற்குப் பேச்சில்லை. யாராவது துயரப்பட்டால் அருகில் உருண்டுபோய் ஒளிரும். பசித்தால், யாராவது மின்கலம் கொடுக்கும்வரை மங்கிப்போய்க் கிடக்கும்.

"உவன் கெல்வன் கதைக்கிறது மாஸ்டர் வகுப்பெடுக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்பார் லெனாட். நான் பாடசாலையில் தமிழ் படிப்பிப்பதை அவர் இரண்டாம் நாளே கேட்டறிந்துவிட்டார்.

"அவன் வேலை செய்யிறான் அண்ணை. பாலம் உடைஞ்சா ஒட்டுறான், லைற் நிண்டா எரியப்பண்ணுறான். உங்கடை ஆள் உருளுறதைத் தவிர என்ன செய்யுது?"

"மூண்டு கை இருந்தா நானும் ஒட்டுவன். ஆனா மூண்டு கைக்காரனை வள்ளத்திலை ஏத்தேலாது தங்கச்சி. ரெண்டு பேற்றை பங்கு கேப்பான்."

"ஊபுவை ஏத்தினா?"

"ஊபு ராவிலை லைற்றுக்கு. எண்ணெய்ச் செலவில்லை. சோறும் குடுக்கத் தேவையில்லை."

"வாயில்லாததை வைச்சு என்ன செய்யிறது?"

"வாயில்லை எண்டா தண்ணி விடாயும் இல்லை" என்றார் லெனாட். "பாக்கியவான்."

கட்டில்களில் சிரிப்பு எழுந்தது. அங்கே கிடந்த எல்லோருக்கும் நாளொன்றுக்கு இரண்டு குவளை நீர்தான் அளவு. உடுப்பிட்டியிலிருந்து வந்த தம்பிராசா என்னும் முதிய விவசாயி மாத்திரம் சிரிக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கிணறு முழுக்கத் தண்ணி கிடக்கு" என்றார்.

அந்த விவாதத்தினால்தான் சுபாஜினி செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் எழுந்து உடுத்திக்கொண்டு வந்தாள் என்பதை நான் பதிவு செய்யவேண்டும். அவளுக்குச் சிறுநீரகம் தருவதற்கு எவருமில்லை. என்னுடைய இரத்தம் பொருந்தவில்லை. உடன்பிறந்தவர்கள் அவளுக்கு இல்லை. பெயர் ஒரு காத்திருப்புப் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியல் நகர்ந்ததை நாங்கள் காணவில்லை.

லெனாட்டின் நிலை வேறு. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் ஜெசிதா என்னை நடைபாதைக்கு அழைத்துச் சென்று விபரம் கூறினார். லெனாட்டின் இதயம் பலவீனமடைந்து வருகிறது. ஓராண்டுக்குள் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் நல்லது என்று வைத்தியர் கூறியிருந்தார். ஜெசிதாவுக்குச் சர்க்கரை வியாதி. அவரால் கொடுக்க இயலாது. பிள்ளைகள் சிறியவர்கள். எஞ்சியிருப்பவன் றஞ்சித் ஒருவன்தான். இரத்த வகையும் ஒன்றே.

"தம்பிக்கு வருத்தம் தெரியும் மாஸ்டர். மெசினிலை கிடக்கிறது தெரியும். ஆனா இவர் கேக்கமாட்டாராம். நானாவது கேக்கிறன் எண்டு போனை எடுத்தன். பிள்ளையளைக் கூப்பிட்டு முன்னாலை நிப்பாட்டி, அந்தோனியாரிலை சத்தியம் வாங்கிப்போட்டார்."

"ஏன் கேட்கமாட்டாராம்?"

"தம்பிக்கு அங்கை இன்னும் விசாக் காட் கிடைக்கேல்லை. இஞ்சை வந்தா திரும்பிப் போகேலாது. பதின்மூண்டு வருசம் கோப்பை கழுவினது வீணாப் போயிடும் எண்டுறார். அது ஒண்டு. மற்றது..." என்று நிறுத்திய ஜெசிதா, "மற்றதை அவரிட்டையே கேளுங்கோ" என்றார்.

நான் கேட்கவில்லை. சுபாஜினி கேட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஊபு திரையில் மங்கிப்போய்க் கிடந்த நேரம் பார்த்துத் தொடங்கினாள்.

"பாருங்கோ அண்ணை, பசிச்சுக் கிடக்குது. கேக்கத் தெரியாது. ஆராவது கண்டுபிடிச்சு பற்றறி குடுத்தாத்தான் உண்டு. கெல்வனுக்குத் தேவையெண்டா வாயைத் திறந்து கேப்பான்."

"கேட்டு வாங்கிறதிலை என்ன இருக்கு?"

"உயிர் இருக்கு."

லெனாட் சிறிது நேரம் இயந்திரத்தின் குழாயில் ஓடிய தன் இரத்தத்தைப் பார்த்தார். பின்னர் குருநகர்க் கரையில் உள்ள ஒரு வழக்கத்தை விளக்கினார். படகு கரைக்கு வரும்போது அங்கே நிற்பவர்கள் தோள் கொடுத்து மேலே தள்ளுவார்கள். தள்ளியவர்களுக்குப் படகுக்காரர் கறிக்கு ஒரு கை மீன் அள்ளிக் கொடுப்பார். தள்ளியவன் அதைக் கேட்பதில்லை. படகுக்காரர் மறந்துவிட்டால் வெறுங்கையுடன் வீட்டுக்குப் போவான். மறுநாளும் வந்து தள்ளுவான்.

"கேட்டா அது கூலி தங்கச்சி. நான் தம்பியைக் கூலிக்குத் தள்ளேல்லை."

"மறந்துபோனா?"

"மறக்கமாட்டான். அவனாச் சொல்லட்டும்."

"அவர் சொல்லாட்டி?"

"ஊபுவைப் பாருங்கோ. பற்றறி குடுத்திட்டினம்" என்றார் லெனாட்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரு சகோதரர்களும் தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் பேசுவார்கள். நாங்கள் அறிந்தவரை அவர்கள் பேசியதெல்லாம் ஊபுவையும் கெல்வனையும் பற்றித்தான். அண்ணன் சொன்னதைக் கேட்ட றஞ்சித், வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபடி அத்தொடரைக் கைத்தொலைபேசியில் பார்க்கத் தொடங்கியிருந்தான். அவன் கெல்வனின் கட்சி. "தம்பியும் உங்கடை பக்கந்தான். அங்கை போயும் உருப்படேல்லை" என்று செவ்வாய்க்கிழமைகளில் லெனாட் முறையிடுவார்.

நவம்பர் மாதத்தில் அவருக்குப் படுத்தால் மூச்சு வாங்கிற்று. கட்டிலை நிமிர்த்திச் சாய்ந்திருந்தார். 24 ஆம் திகதி வெள்ளிக்கிழமை சுபாஜினி ஒரு திட்டத்துடன் வந்தாள்.

"லெனாட் அண்ணை, ஒரு பந்தயம்."

"சோடாப் பந்தயம் எண்டா வேண்டாம். என்ரை அளவு காலமையே முடிஞ்சுது."

"இண்டைக்கு வாட்டிலை வோட்டு. கெல்வன் வெண்டா, வாற ஞாயிறு நீங்கள் தம்பியிட்டை வாயைத் திறந்து கேக்கவேணும்."

மற்றக் கட்டில்களில் கிடந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அவருடைய நிலைமை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"ஊபு வெண்டா?" என்றார் லெனாட்.

"இந்தக் கதையை நான் சீவியத்துக்கும் எடுக்கமாட்டன்."

"ஜெசிதாவின்ரை ஏவலோ?"

"இல்லை. எனக்குக் கேக்கிறதுக்கு ஒரு ஆளும் இல்லை அண்ணை. உங்களுக்கு ஒராள் இருக்கு. எனக்கு எரிச்சலாக் கிடக்கு."

லெனாட் தலையணையில் நிமிர்ந்து சாய்ந்தார். "சரி" என்றார். "மாஸ்டர் எண்ணட்டும். தேர்தல் வேலைக்குப் போறவரெல்லோ."

நான் ஐந்து தேர்தல்களில் கடமையாற்றியவன். ஆகவே முறைப்படியே செய்தேன். காயம் கட்டும் துணி சுற்றிவந்த தாளை ஒன்பது துண்டுகளாகக் கிழித்தேன். நோயாளர் எண்மர், தாதி றொசாந்தி ஒருவர். ஊசி ஏற்றாத கையால் எழுதும்படி கூறி, ஒவ்வொரு கட்டிலுக்கும் பேனையைக் கொண்டுபோனேன். மடித்த துண்டுகளை உருக்குத் தட்டம் ஒன்றில் சேகரித்தேன். பின்னர் ஒவ்வொன்றாகப் பிரித்து உரத்து வாசித்தேன்.

கெல்வன் நான்கு. ஊபு நான்கு. ஒன்பதாவது துண்டு தம்பிராசாவுடையது. "வீட்டை போகவேணும்" என்று அதில் எழுதியிருந்தது.

"நிராகரிக்கப்பட்ட வாக்கு ஒன்று. இருபக்கமும் சமம்" என்று அறிவித்தேன்.

"அப்ப மாஸ்டரின்ரை வோட்டைப் போடச் சொல்லுங்கோ" என்றார் றொசாந்தி. "அவர் இன்னும் போடேல்லைத்தானே?"

சுபாஜினி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு விளங்கிற்று. நான் ஒரு சொல் சொன்னால் போதும். ஆயினும், எண்ணும் அலுவலர் முடிவறிந்த பின் வாக்களிப்பது முறையன்று என்று கூறினேன். நகைச்சுவையாகச் சொன்னதாகவே அப்போது நினைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை.

"அப்ப றஞ்சித்தைக் கேப்பம்" என்றாள் உடனே. அவன் கெல்வனின் கட்சி என்பது அவளுக்குத் தெரியும்.

லெனாட்டுக்கும் அது தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். தோற்றுப்போவதற்கு அவர் அந்த நிமிடத்தில் சம்மதித்துவிட்டார் என்றே நான் இன்றுவரை எண்ணுகிறேன்.

"கேப்பம். ஆனா பந்தயம் என்னெண்டு அவனுக்குச் சொல்லப்படாது."

அங்கே முற்பகல் பதினொன்றரை மணி. காணொளி அழைப்பில் றஞ்சித்தின் முகம் தோன்றியது. பின்னால் உணவகமொன்றின் சமையற்கூடம், பெரிய பாத்திரங்கள்.

"அண்ணை? என்ன ஆஸ்பத்திரியிலை கிடந்து எடுக்கிறியள்? என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லையடா. ஒரு வோட்டு வேணும். ஊபுவோ கெல்வனோ? வாட்டிலை சரிசமனா நிக்குது."

றஞ்சித் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டான். பின்னர் சிரித்தான். "உதுக்கே எடுத்தனியள்? நான் பயந்துபோனன். கெல்..."

அவன் நிறுத்தினான். றொசாந்தி கைத்தொலைபேசியைச் சற்று அருகில் பிடித்திருந்தார். அண்ணனின் கன்னங்கள் ஒட்டியிருந்ததையும், கழுத்து நரம்பு துடித்ததையும், சாய்வாக உயர்த்திய தலையணைகளையும் அவன் அப்போது கண்டிருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் லெனாட் குரலழைப்பு மட்டுமே எடுப்பார்.

"ஊபு" என்றான் றஞ்சித்.

"டேய், நீ கெல்வன்ரை ஆளெல்லோ?"

"அது சும்மா உங்களைக் கிளறுறதுக்கு. என்ரை வோட்டு அண்ணைக்குத்தான். ஊபு."

கட்டில்களில் கிடந்தவர்கள் ஒற்றைக்கையால் மெத்தையில் தட்டி ஆரவாரித்தார்கள். ஐந்துக்கு நான்கு என்று நான் அறிவித்தேன். லெனாட் வெற்றிபெற்றவராகச் சிரித்தார். சிரிப்பு நின்ற பின்னும் அணைந்துபோன திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபாஜினி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஐந்தரை மணிக்கு ஊசியைக் கழற்றும்வரை அவள் திரும்பவில்லை.

பேருந்தில் என்னிடம் ஒரே ஒரு வசனம் சொன்னாள். "நீங்கள் ஒரு வோட்டுப் போட்டிருக்கலாம்."

அவள் வாக்குத் தவறாதவள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஜெசிதாவைச் சத்தியம் கட்டியிருந்தது. நான் எவருக்கும் எதையும் வாக்களித்தவனல்லன். றஞ்சித்தின் எண்ணைப் பெறுவதும் கடினமான காரியமன்று. நான்கு தடவை ஜெசிதாவிடம் அதைக் கேட்க நினைத்தேன். பிறருடைய குடும்ப விடயம் என்று நான்கு தடவையும் விட்டுவிட்டேன்.

விவாதம் தொடர்ந்தது. ஆனால் சுபாஜினி வெல்வதற்காக வாதிடவில்லை. "ஓம் அண்ணை, ஊபுதான் நல்லது" என்று ஒருநாள் சொன்னாள். "என்ன தங்கச்சி, எதிர்த்துக் கதைக்காட்டி எனக்கு நேரம் போகாது" என்று லெனாட் மன்றாடினார். மாசி மாதத்தில் அவரால் ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. ஊபுவைப் பற்றி இரண்டு சொல் சொல்லிவிட்டு, மூச்செடுத்து, மூன்றாவது சொல்லைச் சொல்வார். அவள் காத்திருந்து பதில் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு பத்து நிமிடமாகச் சுருங்கிற்று. தம்பி ஏதாவது சொன்னானா என்று ஜெசிதா ஒவ்வொரு வாரமும் கேட்பாராம். "வெண்பனி கொட்டுதாம்" என்பாராம் லெனாட்.

2024 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11 ஆம் திகதி, திங்கட்கிழமை காலை ஆறு மணியளவில், வீட்டுக் கதிரையில் இருந்தவாறே லெனாட் இறந்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணிக்கு அவருடைய கட்டிலில் வேறொருவர் கிடந்தார். அதில் குற்றஞ்சொல்ல எதுவுமில்லை. கட்டிலுக்குக் காத்திருந்தவர்களின் பட்டியல் அவ்வளவு நீளமானது. மூன்றரை மணிக்குச் சித்திரத் தொடர் தொடங்கியபோது அந்தப் புதியவர், "உந்தப் பிள்ளையளின்ரை படத்தை மாத்தி, நியூசைப் போடுங்கோ மிஸி" என்றார். றொசாந்தி சுபாஜினியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் மாற்றினார்.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு நாங்கள் இருவரும் குருநகருக்குப் போயிருந்தோம். பலி முடிந்து வீட்டில் இருந்தபோது றஞ்சித் அழைத்தான். ஜெசிதா கைத்தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனார்.

"மாஸ்டர், அண்ணி இப்பதான் எல்லாம் சொன்னவ. அந்த வோட்டு என்னத்துக்கெண்டு."

நான் கைத்தொலைபேசியைச் சுபாஜினிக்கும் கேட்கும்படி பிடித்தேன்.

"எனக்குத் தெரியும் மாஸ்டர், என்ரை கிட்னி சரிவரும் எண்டு. இஞ்சை ஒரு டொக்டரிட்டை முன்னமே கேட்டனான். அண்ணை கேப்பார், கேப்பார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒவ்வொரு ஞாயிறும் பாத்தன்."

"நீங்களாகச் சொல்லியிருக்கலாமே, தம்பி."

"நானாச் சொன்னா, வள்ளம் வித்ததுக்குத் திருப்பித் தாறன் எண்ட மாதிரிப் போயிடும். அண்ணைக்கு அது பிடியாது. கணக்குத் தீர்க்க வாறியோ எண்டு கேப்பார். கேட்டிருந்தா வந்திருப்பன் மாஸ்டர். ஒருக்காக் கேட்டிருந்தாக் காணும். வந்திருப்பன்."

அவன் உண்மையிலேயே வந்திருப்பானா, பதின்மூன்று ஆண்டுகளையும் விட்டெறிந்து விமானம் ஏறியிருப்பானா என்பதை நான் அறியேன். அவனுக்கும் அது தெரியாது என்றே நினைக்கிறேன். அந்தக் கேள்வி அவனிடம் கேட்கப்படவில்லை. சுபாஜினி எனக்கு அருகில் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் மீண்டும் தன் கட்டிலுக்குப் போகவேண்டும். அவளுக்கு இன்னும் ஆளில்லை.

லெனாட் நாற்பத்தைந்து ஆண்டும் ஏழு மாதமும் உயிர்வாழ்ந்தார். தம்பி தனக்குக் கடன்பட்டிருந்ததை அவர் ஒருநாளும் கேட்கவில்லை.